பலகையில் எழுதிய வட்டியும் கைக்கு வரும் வட்டியும்

பல்லேகல கைத்தொழில் பேட்டையின் ஆடைத் தொழிற்சாலைகளில் வேலை செய்த பெண்களுக்கு ஐம்பது வயதில் ஒரு பெருந்தொகை கைக்கு வருகிறது. ஊழியர் சேமலாப நிதி. ஊரில் எல்லாரும் ஈ.பி.எஃப். காசு என்றுதான் சொல்வார்கள். மாதச் சம்பளத்தில் தொழிலாளி 8 சதவீதம், முதலாளி 12 சதவீதம் என்று வருடக்கணக்கில் சேர்ந்த காசு. பெண்கள் 50 வயதிலும் ஆண்கள் 55 வயதிலும் வேலையை விட்டு அதை எடுக்கலாம். அந்தக் காசு வரும்வரை ஒரு இலட்சத்தைக்கூட மொத்தமாகப் பார்த்திராத குடும்பங்கள் இங்கே நிறைய உண்டு.

காசு வரப்போகிறது என்ற செய்தி காசுக்கு முன்னே ஊருக்குள் வந்துவிடும். குண்டசாலையிலிருந்து திகன வரை நிதிக் கம்பனிகளின் பதாகைகளைப் பார்த்தவர்கள் ஒவ்வொருவரும் ஒவ்வொரு எண்ணைச் சொல்வார்கள். மைத்துனர் ஒரு இடம் சொல்வார். தொழிற்சாலைத் தோழி இன்னொரு இடம் சொல்வாள். தெரிந்த ஒருவர் "மாசம் மூணு வட்டி தர்றேன்" என்று வீட்டுக்கே வருவார்.

நான் வங்கிக் கவுண்டருக்குப் பின்னால் இருந்து ஓய்வு பெற்றவள். எங்கள் பக்கத்து வீட்டுத் தங்கச்சி தெல்தெனியப் பக்கத் தோட்டமொன்றில் பிறந்து, கல்யாணமாகி இங்கே வந்தவர். இருபது வருடத்துக்கு மேல் தையல் மெஷினில் உட்கார்ந்தவர். அவருக்குப் பதினெட்டு இலட்சம் வந்தது. ஒருநாள் பின்னேரம் வேலியருகில் நின்று கேட்டார்:

"மிஸ், நம்ம பேங்குல ஒரு வருஷத்துக்கு எட்டுக்கு மேல இல்லைங்கிறாங்க. ஒரு நிதிக் கம்பனியில பத்தரை குடுக்கிறாங்களாம். ரெண்டரை வித்தியாசம்னா சும்மாவா?"

சும்மா இல்லைதான். பதினெட்டு இலட்சத்துக்கு வருடம் 45,000 ரூபாய் வித்தியாசம். அவர் வீட்டில் அது இரண்டு மாத மளிகைச் செலவு. ஆகவே "பேராசைப்படாதே, பேசாமல் வங்கியில் போடு" என்று சொல்லி அனுப்பிவிட எனக்கு மனம் வரவில்லை. உழைத்த காசுக்கு நல்ல வட்டி தேடுவது பேராசை ஆகாது. தேட வேண்டும். ஆனால் பலகையில் எழுதியிருக்கும் அந்த எண் யாருக்கு, எவ்வளவு காசுக்கு, எத்தனை மாதத்துக்கு, என்ன நிபந்தனைக்கு என்று கேட்காமல் அதைத் தனக்கு வரப்போகிற வட்டியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. கவுண்டரில் நான் பார்த்த மனவருத்தங்களில் பாதி அங்கேதான் தொடங்கின.

அதனால் அவரிடம் நான் முதலில் கேட்டது வட்டியைப் பற்றி அல்ல. "இந்தக் காசில் எவ்வளவு எப்ப வேணும்?" என்றுதான் கேட்டேன். கூரைத் தகடு மாற்ற வேண்டும், மழைக்கு முன். மகள் உயர்தரம் எழுதப்போகிறாள், அதற்குப் பிறகு படிப்புச் செலவு. சம்பளம் நின்றுவிட்டதால் மாதாமாதம் கொஞ்சம் வேண்டும். கணவர் முச்சக்கரவண்டி ஓட்டுகிறார். வண்டி பழுதானால் அன்றைக்கே காசு வேண்டும். இவ்வளவையும் ஒரு கொப்பியில் எழுதிய பிறகுதான் வட்டிப் பக்கம் போனோம்.

சேமிப்புக் கணக்கிலிருந்து தொடங்குகிறேன். உயர்ந்த வட்டி என்று விளம்பரம் செய்யும் சேமிப்புக் கணக்குகள் பெரும்பாலும் படிப்படியாக வட்டி தருபவை. மிகுதி கூடக் கூட வீதம் கூடும். விளம்பரத்தில் பெரிதாகப் போடுவது மேல்படியின் வீதத்தை. "வரை" என்ற சொல் அதன் பக்கத்தில் சின்னதாக இருக்கும். இதற்குள் கேட்க வேண்டிய இன்னொரு கேள்வி உண்டு: மேல்படிக்கு ஏறினால் முழுக் காசுக்கும் அந்த வட்டியா, அந்தப் படிக்குள் வரும் பகுதிக்கு மட்டுமா?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு இலட்சம் வரை 3 சதவீதம், அதற்கு மேல் ஐந்து இலட்சம் வரை 4, அதற்கு மேல் 5 என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்களிடம் ஆறு இலட்சம். முழு மிகுதிக்கும் மேல்படி வட்டி என்றால் வருடத்துக்கு 30,000 ரூபாய். பகுதி பகுதியாகக் கணக்கிட்டால் முதல் இலட்சத்துக்கு 3,000, அடுத்த நான்கு இலட்சத்துக்கு 16,000, கடைசி இலட்சத்துக்கு 5,000, மொத்தம் 24,000. விளம்பரம் இரண்டுக்கும் ஒன்றுதான். கைக்கு வருவதில் ஆறாயிரம் ரூபாய் குறைகிறது.

மிகுதியை எந்த நாளில் பார்க்கிறார்கள் என்பதும் முக்கியம். சில கணக்குகளில் ஒவ்வொரு நாள் மிகுதிக்கும் வட்டி ஓடும். வேறு சிலவற்றில் மாதத்தின் மிகக் குறைந்த மிகுதிக்குத்தான் வட்டி. மூன்று இலட்சம் வைத்திருப்பவர் மாத நடுவில் இரண்டு இலட்சத்தை எடுத்து, பத்து நாளில் திருப்பிப் போடுகிறார் என்றால், 4 சதவீதத்தில் நாள் மிகுதிக் கணக்கு அவருக்கு அந்த மாதம் ஏறக்குறைய 767 ரூபாய் தரும். குறைந்த மிகுதிக் கணக்கு 329 ரூபாய்தான் தரும். கூரைக்காரருக்கு ஒரு கிழமை காசு கொடுத்து வாங்குவது, சீட்டுக் காசு வரும்வரை கை மாற்றுவது என்று காசைப் புரட்டிக்கொண்டே இருக்கும் குடும்பங்களுக்கு இரண்டாவது வகைக் கணக்கு ஒத்துவராது, வீதம் சற்றுக் கூடவாக இருந்தாலும்கூட.

இவற்றோடு, மாதத்தில் இத்தனை தடவைக்கு மேல் எடுத்தால் அந்த மாதம் மேலதிக வட்டி இல்லை என்ற நிபந்தனை. சம்பளம் இந்தக் கணக்குக்கே வரவேண்டும் என்ற நிபந்தனை. வேலையை விட்டவருக்கு அது பொருந்தாது. மாதாமாதம் குறித்த தொகை கட்டும் திட்டங்களில் தவணை தவறினால் வீதம் இறங்கிவிடும் என்ற நிபந்தனை. குறைந்த மிகுதிக்குக் கீழே போனால் அறவிடும் கட்டணம், அட்டைக்கு வருடக் கட்டணம், குறுஞ்செய்திக் கட்டணம். இருபதாயிரம் ரூபாய் கிடக்கும் கணக்கில் 3 சதவீத வட்டி வருடத்துக்கு 600 ரூபாய்தான். கட்டணங்கள் அதைத் தின்றுவிடும். சின்னக் கணக்கு வைத்திருப்பவர்கள் வட்டி வீதத்தை விடக் கட்டணப் பட்டியலைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

பிள்ளைகள் கணக்குகளையும் சொல்ல வேண்டும். தேசிய சேமிப்பு வங்கியின் ஹப்பன், இலங்கை வங்கியின் ரன் கெகுலு, ஹட்டன் நஷனல் வங்கியின் சிங்கிதி எல்லாம் ஊரில் பழக்கமான பெயர்கள். சாதாரண சேமிப்பை விட இவற்றில் வட்டி கூடவாக இருக்கும், உண்டியலும் பரிசும் கிடைக்கும். பிள்ளைக்குப் பதினெட்டு வயதாகும்வரை பொதுவாக அந்தக் காசை எடுக்க முடியாது என்பதுதான் அதன் விலை. வீட்டின் அவசரக் காசை வட்டிக்காகப் பிள்ளை பெயரில் போட்டுவிட்டு, ஆஸ்பத்திரிச் செலவுக்குக் கடன் தேடி அலைந்த பெற்றோரை நான் பார்த்திருக்கிறேன். பிள்ளைக்கென்று ஒதுக்கிய காசுக்கு அந்தக் கணக்கு மிக நல்லது. அதற்கு மட்டும்.

இனி நிலையான வைப்பு. எங்கள் ஊரில் எஃப்.டி., சிலருக்குப் பிக்ஸட். பெரும்பாலானோரின் ஈ.பி.எஃப். காசு போய்ச் சேருவது இங்கேதான். காசு அதிகமாக இழக்கப்படுவதும் இங்கேதான் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஒரு வருட வைப்புக்கு இரண்டு வீதம் எழுதியிருப்பார்கள். முதிர்வில் வட்டி எடுத்தால் 8, மாதாமாதம் எடுத்தால் 7.5 என்பது போல. அதற்குப் பக்கத்தில் இன்னொரு நிரலில் வருடாந்தப் பயனுறு வீதம் என்று 7.76 இருக்கும். இந்த 7.76 எங்கிருந்து வருகிறது? மாதம் மாதம் வரும் வட்டியை எடுத்துச் செலவழிக்காமல் அதே வீதத்தில் திரும்பப் போட்டால் வருட முடிவில் அவ்வளவு ஆகும் என்பதுதான் அதன் பொருள். தங்கச்சி அந்த வட்டியில் அரிசி வாங்கப் போகிறார். ஆகவே அவருக்கு 7.76 கிடையாது, 7.5தான். பத்து இலட்சத்துக்கு மாதம் 6,250 ரூபாய். இரண்டு நிறுவனங்களின் முதிர்வு வைப்பை ஒப்பிட அந்த நிரல் உதவும். மாத வட்டியில் குடும்பம் நடத்துகிறவர் தன் கைக்கு மாதம் எத்தனை ரூபாய் என்று கேட்பதே நல்லது.

முதிர்வுக்கு முன் வைப்பை உடைத்தால் என்ன நடக்கும் என்பதைப் பெரும்பாலானோர் வைக்கும்போது கேட்பதில்லை, உடைக்கும்போதுதான் கேட்கிறார்கள். விதி நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். சில இடங்களில் சேமிப்புக் கணக்கு வீதம் மட்டும் தருவார்கள். சில இடங்களில் முடிந்த காலத்துக்கான வீதத்தில் ஒரு பகுதியைக் குறைத்துத் தருவார்கள். குறைந்த காலத்துக்குள் எடுத்தால் வட்டியே தராத இடங்களும் உண்டு. மாத வட்டி வாங்கியிருந்தால், கூடுதலாகக் கொடுத்ததை முதலிலிருந்து கழிப்பார்கள். பத்து இலட்சத்தை 7.5 சதவீதத்தில் வைத்து ஒன்பது மாதம் வட்டி வாங்கியவர் 56,250 ரூபாய் பெற்றிருப்பார். அப்போது உடைத்து, அவருக்கு 3 சதவீதம்தான் உரியது என்றால் அது 22,500. மிச்சம் 33,750 ரூபாய் முதலிலிருந்து போகும். ஒன்பதே முக்கால் இலட்சத்துக்கும் குறைவாகக் காசு கையில் வந்த வைப்பாளர், "என் சொந்தக் காசையே வெட்டிட்டாங்களே" என்று கவுண்டரில் நின்று அழுவார். யாரும் ஏமாற்றியிருக்க மாட்டார்கள். அவர் கைச்சாத்திட்ட தாளிலேயே அது இருந்திருக்கும். அதை வைக்கிற அன்றைக்கே அவருக்கு விளங்கும் மொழியில் யாராவது சொல்லியிருக்க வேண்டும். அது நடக்காததுதான் எனக்கு ஆற்றாமை.

மொழியைப் பற்றி எங்கள் ஊரில் தனியே சொல்லித்தான் ஆக வேண்டும். இங்கே வங்கிக் கிளைகளில் பேச்சு சிங்களத்தில் நடக்கும், தாள் ஆங்கிலத்தில் வரும். தமிழ் வைப்பாளர் தலையாட்டிவிட்டுக் கைச்சாத்திட்டு வருவார். மத்திய வங்கியின் நுகர்வோர் பாதுகாப்பு விதிகளின்படி சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றில் தனக்கு வேண்டிய மொழியில் நிபந்தனைகளைக் கேட்கும் உரிமை அவருக்கு உண்டு. கேட்டால் தருவார்கள். கேட்பதற்குக் கூச்சப்படுகிறோம்.

வைப்பை உடைக்காமல் சமாளிக்கவும் வழி உண்டு. பத்து இலட்சத்தை ஒரே பத்திரமாக வைக்காமல் இரண்டரை இலட்சமாக நான்கு பத்திரமாக வைக்கலாம். அவசரம் வந்தால் ஒன்றை மட்டும் உடைத்தால் போதும். அல்லது வைப்பின் பேரில் கடன் வாங்கலாம். வைப்பு வட்டியை விட ஓரிரு சதவீதம் கூடவாக வட்டி போடுவார்கள். இரண்டு இலட்சம் மூன்று மாதத்துக்குத் தேவை, வட்டி 10 சதவீதம் என்றால் செலவு 5,000 ரூபாய். மேலே சொன்ன 33,750 ரூபாயோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

முதிர்வுத் திகதியும் ஒரு நிபந்தனைதான். நீங்கள் ஒன்றும் சொல்லாவிட்டால் பெரும்பாலான வைப்புகள் தாமாகவே அன்றைய வீதத்தில் புதுப்பிக்கப்படும். இது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை 2022, 2023 ஆண்டுகள் காட்டின.

அந்த இரண்டு வருடத்தையும் பற்றிச் சொல்லாமல் இலங்கையில் வட்டியைப் பற்றிப் பேச முடியாது. 2021 செப்டெம்பரில் ஒரு வருட வைப்புக்கு ஆறு சதவீதம் போல் கிடைத்தது. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண் காட்டிய பணவீக்கம் 69.8 சதவீதம். பத்து இலட்சம் வைத்தவருக்குப் பத்து இலட்சத்து அறுபதாயிரம் திரும்பி வந்தபோது, ஒரு வருடத்துக்கு முன் பத்து இலட்சத்துக்கு வாங்கிய பொருட்களுக்குக் கிட்டத்தட்ட பதினேழு இலட்சம் வேண்டியிருந்தது. அந்த வருடம் ஏப்ரல் 8ஆம் திகதி மத்திய வங்கி கொள்கை வட்டி வீதங்களை ஒரே நாளில் ஏழு சதவீதப் புள்ளிகள் உயர்த்தியது. வருட இறுதிக்குள் சில இடங்களில் ஒரு வருட வைப்புக்கு 25 சதவீதம்கூடக் கொடுத்தார்கள். "விலைவாசி எழுபது ஏறுது, இருபத்தஞ்சு வட்டியில என்ன இருக்கு?" என்று அப்போது எல்லாரும் கேட்டார்கள். அந்தக் கேள்வி போன வருடத்தைப் பார்த்துக் கேட்ட கேள்வி. வைப்பு ஓடுவது வரும் வருடத்தில். 2023 செப்டெம்பரில் பணவீக்கம் 1.3 சதவீதமாக இறங்கிவிட்டது. 2022 கடைசியில் துணிந்து 25 சதவீதத்துக்கு வைத்தவர்கள் எங்கள் காலத்திலேயே கிடைக்காத நன்மையைப் பெற்றார்கள். இரண்டு, மூன்று வருடத்துக்குப் பூட்டியவர்களுக்கு இன்னும் நல்லது. ஒரு வருடத்துக்கு வைத்துவிட்டுத் தானாகப் புதுப்பிக்க விட்டவர்களுக்கு அடுத்த வருடம் அதில் பாதி அளவுக்குத்தான் வீதம். சிலருக்கு அது அடுத்த முதிர்வில்தான் தெரிந்தது.

இன்று அந்த நாளின் வீதத்தை நினைத்து ஏங்குகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். 2025 பெப்ரவரியில் பணவீக்கம் மைனஸ் 4.2 சதவீதம். விலைகள் ஏற்கெனவே ஏறிய உயரத்தில் நின்றாலும் அதற்கு முந்தைய ஒரு வருடத்தில் அவை மேலும் ஏறவில்லை, சற்று இறங்கின. அப்படியொரு வருடத்தில் எட்டு சதவீதம் என்பது 2021இன் ஆறு சதவீதத்தை விடப் பல மடங்கு பெறுமதியானது. எண்ணைத் தனியே பார்த்தால் இது தெரியாது.

2023 ஜூன் 29ஆம் திகதி வியாழக்கிழமை தொடங்கி ஜூலை 3 திங்கட்கிழமை வரை ஐந்து நாள் வங்கிகள் மூடியிருந்ததும் பலருக்கு நினைவிருக்கும். உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பு அறிவிப்புக்காக வெள்ளிக்கிழமையை விசேட வங்கி விடுமுறையாக்கியதால் நீண்டுபோன விடுமுறை அது. வைப்புகளை வெட்டப்போகிறார்கள் என்று வதந்தி பரவியது. வங்கி வைப்புகளில் கை வைக்கவில்லை. மறுசீரமைப்பின் சுமை ஊழியர் சேமலாப நிதி போன்ற ஓய்வூதிய நிதிகள் வைத்திருந்த திறைசேரி முறிகள் மேல் விழுந்தது. தைத்துச் சேர்த்த காசு எங்கே இருக்கிறது, அதை யார் முதலிடுகிறார்கள் என்று தொழிற்சாலைப் பெண்கள் முதல்முறையாகக் கேட்டது அந்த நாட்களில்தான்.

இனி அந்தப் பத்தரைக்கு வருகிறேன். நிதிக் கம்பனி ஏன் கூட வட்டி தருகிறது? அது முச்சக்கரவண்டிக்கும் லொறிக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் லீசிங் கொடுக்கிறது. வங்கி போகாத இடத்துக்குப் போய், வங்கி கொடுக்காதவருக்குக் கொடுத்து, கூட வட்டி வாங்குகிறது. அதில் ஒரு பங்கை உங்களுக்குத் தருகிறது. தவணை வராமல் போகும் ஆபத்திலும் உங்களுக்குப் பங்கு உண்டு. 2011ஆம் ஆண்டின் 42ஆம் இலக்க நிதித்தொழில் சட்டத்தின் கீழ் மத்திய வங்கியின் அனுமதிப்பத்திரம் பெற்ற கம்பனிகள் ஒழுங்காகத் தொழில் செய்கின்றன. அவற்றில் காசு வைப்பது தவறில்லை. ஆனால் வரலாறு தெரிந்து வைக்க வேண்டும். 1940இல் தொடங்கிய த ஃபினான்ஸ் கம்பனி தலைமுறைகளின் நம்பிக்கையைப் பெற்ற பெயர். 2020 மே 22இல் அதன் அனுமதிப்பத்திரம் ரத்தானது. அதே வருடம் ஜூலை 13இல் ஈ.டி.ஐ. ஃபினான்ஸின் அனுமதிப்பத்திரமும் போனது. வங்கி என்ற பெயர் இருந்தும் பிரமுக சேமிப்பு அபிவிருத்தி வங்கி 2002இல் மூடப்பட்டது. கோல்டன் கீ 2008 டிசம்பரில் விழுந்தது. கடன் அட்டைக் கம்பனியான அதற்கு மக்களிடம் வைப்புத் திரட்ட மத்திய வங்கியின் அனுமதியே இருக்கவில்லை. அந்த அதிர்ச்சியில் ஒரே குழுமத்தைச் சேர்ந்த செலான் வங்கியிலிருந்தும் மக்கள் காசை அள்ளத் தொடங்க, அதன் முகாமைத்துவத்தை மத்திய வங்கி இலங்கை வங்கியிடம் ஒப்படைத்தது. செலான் மீண்டது, இன்றும் நடக்கிறது. கோல்டன் கீ வைப்பாளர்கள் நீதிமன்றப் படிகளில் வருடக்கணக்கில் ஏறி இறங்கினார்கள்.

பிரமுக, கோல்டன் கீ அனுபவங்களுக்குப் பிறகு வந்ததுதான் வைப்புக் காப்புறுதி. 2010 ஒக்டோபரில் தொடங்கியபோது ஒருவருக்கு ஒரு நிறுவனத்தில் இரண்டு இலட்சம் வரை பாதுகாப்பு. பிறகு மூன்று இலட்சமாகி, ஆறு இலட்சமாகி, 2021 ஏப்ரலில் பதினொரு இலட்சமானது. அனுமதிப்பத்திரம் பெற்ற வங்கிகளும் நிதிக் கம்பனிகளும் இதில் கட்டாயம் சேர வேண்டும். ஒரே நிறுவனத்தில் உங்களுக்கு எத்தனை கணக்கு இருந்தாலும் மொத்தத்துக்குத்தான் பதினொரு இலட்சம். இரண்டு நிறுவனங்களில் வைத்தால் ஒவ்வொன்றிலும் பதினொரு இலட்சம். பதினெட்டு இலட்சத்தைப் பத்தரைக்கு ஆசைப்பட்டு ஒரே கம்பனியில் வைத்தால் ஏழு இலட்சம் காப்புறுதிக்கு வெளியே நிற்கும். இதைச் சொன்னபோது தங்கச்சி பேசாமல் கொப்பியில் 11 என்று எழுதி வட்டம் போட்டார்.

தேசிய சேமிப்பு வங்கி இதில் தனி. 1832இல் தொடங்கிய இலங்கைச் சேமிப்பு வங்கியும் 1885இல் தொடங்கிய தபாலகச் சேமிப்பு வங்கியும் சேர்ந்து, 1971ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கச் சட்டத்தால் உருவானது அது. அதிலுள்ள வைப்புக்கும் வட்டிக்கும் முழுமையாக அரசாங்க உத்தரவாதம் உண்டு. தபால் நிலையத்திலும் போடலாம், எடுக்கலாம். தோட்டத்து முதியவர்களுக்கு அது பஸ் காசையும் மிச்சமாக்கும். வீதம் எல்லா நேரமும் உச்சத்தில் இராது. உறக்கம் கெடாமல் இருக்க வேண்டிய பகுதிக் காசுக்கு அதைத்தான் நான் சொல்வேன்.

"மாசம் மூணு வட்டி" என்று வந்த மனிதரின் கணக்கு வேறு. மாதம் மூன்று என்றால் வருடம் முப்பத்தாறு. அரசாங்கமே ஒரு வருடத் திறைசேரி உண்டியலுக்கு எட்டு சதவீதம் போல் தரும் காலத்தில், முப்பத்தாறு தருகிற தொழில் எது என்று கேளுங்கள். முதல் சில மாதம் வட்டி ஒழுங்காக வரும். புதிதாகச் சேருகிறவர்களின் காசுதான் அது. பிரமிட் திட்டங்களை வங்கித்தொழில் சட்டம் குற்றமாக்கியிருக்கிறது. அனுமதிப்பத்திரம் பெற்ற நிறுவனங்களின் பட்டியலை மத்திய வங்கி வெளியிடுகிறது. சந்தேகம் என்றால் அதன் நிதி நுகர்வோர் உறவுகள் திணைக்களத்தின் 1935 என்ற இலக்கத்துக்கு அழைத்துக் கேட்கலாம். வீடு தேடி வந்த மனிதர் உறவினராக இருந்தாலும் கேட்க வேண்டும்.

வரியைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் அதில் எங்கள் சனங்கள் சும்மா இழக்கிறார்கள். 2025 ஏப்ரல் 1 முதல் வட்டியில் 10 சதவீதத்தை வங்கி பிடித்துவைத்து இறைவரிக்குக் கட்டுகிறது. அதற்கு முன் 5. ஆனால் வருடத்துக்குப் பதினெட்டு இலட்சத்துக்கு மேல் வருமானம் இல்லாதவர் ஒரு சுயபிரகடனப் படிவம் கொடுத்தால் பிடிக்க மாட்டார்கள். பத்து இலட்சத்துக்கு 80,000 ரூபாய் வட்டி வரும் என்றால் அந்த ஒரு தாள் 8,000 ரூபாயைக் காப்பாற்றும். முக்கால் சதவீதம் கூட வட்டி தேடி நான்கு இடம் ஏறி இறங்கியவர், இந்தப் படிவத்தை நிரப்பாமல் கிட்டத்தட்ட அதே அளவை இழந்துவிடுகிறார். வருமான வரி வருடம் ஏப்ரலில் தொடங்குகிறது. படிவத்தை ஒவ்வொரு வருடமும் கொடுக்க வேண்டும், ஒவ்வொரு நிறுவனத்திலும் கொடுக்க வேண்டும்.

தங்கச்சியின் அம்மாவுக்கு எழுபது வயது தாண்டிவிட்டது. சிரேஷ்ட பிரஜைகளுக்கு முன்பு பதினைந்து இலட்சம் வரை 15 சதவீதம் கொடுத்த திட்டம் 2022 ஒக்டோபரில் நின்றது. 2025 வரவு செலவுத் திட்டத்தில் அறிவித்து ஜூலை முதல் வந்த புதிய திட்டம், அறுபது கடந்தவர்களின் ஒரு வருட வைப்புக்குப் பத்து இலட்சம் வரை சந்தை வீதத்துக்கு மேல் 3 சதவீதம் தருகிறது. "அம்மா பேர்ல போட்டா என்ன மிஸ்?" என்று கேட்டார். வட்டி கூடும், உண்மை. பத்து இலட்சத்துக்கு முப்பதாயிரம். ஆனால் அம்மா பெயரில் போட்ட காசு சட்டப்படி அம்மாவின் காசு. நாளைக்கு ஏதாவது நடந்தால் அவருடைய ஐந்து பிள்ளைகளும் உரித்தாளர்கள். அண்ணன் தம்பிமார் நல்லவர்கள்தான். அவர்கள் மனதைச் சோதிக்கும் இடத்தில் நாம் அவர்களை நிறுத்த வேண்டுமா? உழைத்தவர் பெயரில்தான் காசு இருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். பெண்களின் காசு என்றால் இன்னும் உறுதியாகச் சொல்வேன். ஈ.பி.எஃப். காசு கணவர் கணக்குக்குப் போய், அங்கிருந்து லீசிங் தவணைக்குப் போய், இரண்டு வருடத்தில் சுவடு தெரியாமல் போன வீடுகள் எங்கள் பக்கத்தில் உண்டு.

கடைசியில் அவர் தீர்மானித்தது இப்படி. கூரைக்கும் அவசரத்துக்கும் இரண்டு இலட்சம் தேசிய சேமிப்பு வங்கிச் சேமிப்புக் கணக்கில். பத்து இலட்சம் ஒரு வங்கியில், இரண்டரை இலட்சமாக நான்கு பத்திரம். இரண்டு பத்திரம் மாத வட்டிக்கு, மற்ற இரண்டும் முதிர்வு வட்டிக்கு, நான்குக்கும் வெவ்வேறு முதிர்வு மாதம். மிச்சம் ஆறு இலட்சம் அனுமதிப்பத்திரம் உள்ள நிதிக் கம்பனியில் பத்தரைக்கு, ஒரு வருடத்துக்கு. எல்லாம் அவர் பெயரில், பின்னுரித்தாளராக மகள். எந்த இடத்திலும் பதினொன்றைத் தாண்டவில்லை.

நிதிக் கம்பனிக்கு நானும் கூடப் போனேன். நிபந்தனைகளைத் தமிழில் தாருங்கள் என்று அவரே கேட்டார். அதிகாரி உள்ளே போய்த் தேடி ஒரு தாளைக் கொண்டுவந்து கொடுத்தார். தங்கச்சி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரி வரியாக வாசித்தார். பின்னால் நின்றவர்கள் பொறுமையிழக்கத் தொடங்கினார்கள், அவர் நிமிரவில்லை. பிறகு ஒரு வரியில் விரலை வைத்து, "மூணு மாசத்துக்குள்ள எடுத்தா வட்டியே இல்லையாங்க?" என்றார்.

"இல்லை" என்றார் அதிகாரி.

"எங்க வீட்டுக்காரர் வண்டி என்ஜின் இந்த மாசமே படுத்துடும் போல இருக்கு. அப்ப ஆறு வேணாம், அஞ்சு போடுங்க."

அந்த ஒரு இலட்சத்தை அன்றைக்கே சேமிப்புக் கணக்கில் போட்டுவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தோம்.